கவினியின் இடது கையும் எழுதுகிறது

ஜூலை 14, திங்கள்

விடிந்ததிலிருந்து கச்சான் காற்று, மேற்கிலிருந்து மண்ணை அள்ளிக்கொண்டு. கொடியில் போட்ட வெள்ளைச் சட்டை முழுக்க மண். திரும்பவும் அலச வேண்டும். உயிரியல் செய்முறைக் கொப்பி பாதியில் கிடக்கிறது.

பின்னேரம் தங்கச்சி கவினியைக் கூட்டிவரப் போனால் பள்ளிக்கூட வாசலில் அம்மா. அவரையும் கூப்பிட்டிருக்கிறார்கள். ஐந்தாம் வகுப்பு ரீச்சரின் கையில் கவினியின் மாதிரிப் பரீட்சைத் தாள். குறுக்கே சிவப்புக் கோடு.

"என்ர கண்ணால கண்டனான் அம்மா. வலது கையால எழுதுறா. அதே நேரம் இடது கை விரலால மேசையில எழுதிக் காட்டுறா, பக்கத்துப் பிள்ளைக்கு."

"அவ அப்பிடிச் செய்ய மாட்டா ரீச்சர். அது ஒரு பழக்கம்."

"பழக்கமெண்டா நிப்பாட்டுங்கோ. அடுத்த மாதம் புலமைப்பரிசில் சோதினை. மேற்பார்வைக்கு வாறது வெளி ஆக்கள். தாளைப் பறிச்சினமெண்டா நான் ஒண்டும் செய்யேலாது. பக்கத்துப் பிள்ளையின்ர தாளும் சேர்ந்து போகும்."

அம்மா தாளை வாங்கி மடித்தார்.

இந்தக் கை விஷயத்தை நான் இதுவரை எழுதி வைத்ததில்லை. வீட்டில் பழகிப்போன ஒன்று. வலது கை செய்வதை இடது கையும் செய்யும், கண்ணாடியில் தெரிவது போல, கொஞ்சம் சின்னதாக. கவினி சோறு பிசைந்தால் மடியில் இருக்கும் இடது கை வெறும் காற்றைப் பிசையும். போத்தல் மூடி திறக்க வராது. ஒரு கை திருகினால் பிடிக்கிற கையும் திருகும். எழுதும்போது இடது கை விரலும் எழுதும். பத்து வயதாகிறது. "குழப்படி", "விளையாட்டு", "இடது கையைச் சும்மா வை" என்று சொல்லிச் சொல்லியே பத்து வயது.

வரும் வழியில் கவினி: "சர்மிக்கு நான் ஏன் அக்கா விடை சொல்ல? அவள் என்னைவிடக் கெட்டிக்காரி. நான்தான் அவளிட்டப் பாக்க வேணும்."

அதை ரீச்சரிடம் சொல்லாமல் விட்டதே நல்லது.

ஜூலை 15, செவ்வாய்

காற்று நிற்கவில்லை. கண்ணெல்லாம் தூசி.

அம்மா கவினியைக் கதிரையில் இருத்தி, பழைய கைலேஞ்சித் துணியால் இடது கையை அதன் கைப்பிடியோடு கட்டிவிட்டு, "இப்ப எழுது" என்றார். எழுத்தெல்லாம் கோணல். கணக்கில் பாதி மிச்சம். கட்டிய கை லேஞ்சிக்குள் துடிக்கிறது, பிடித்து வைத்த மீன் போல. அவிழ்த்துவிட்ட பிறகு மிச்சத்தைக் கடகடவென்று செய்து முடித்தாள்.

"கட்டினா யோசிக்க ஏலாது அம்மா. முழு மூளையும் அந்தக் கையிலதான் நிக்குது."

"அப்ப அவிழ்த்துவிட்டு தாளைப் பறிகுடுப்பமே?"

இரண்டு பேர் சொல்வதும் சரி. அதுதான் குழப்பம்.

ரியூஷனில் உயிரியல் சேரிடம் கேட்டேன்: ஒரு கை அசைய மற்றதும் அசைந்தால் என்ன காரணம்?

"பிள்ளை, இது பாடத்திட்டத்தில இல்லை."

பின் வாங்கில் இருந்த பெடியள்: "சேர், இவவுக்கு மட்டும் தனி வினாத்தாள் அடியுங்கோ!"

வகுப்பு முடிந்து சேர் ஹெல்மெட் போட்டுக்கொண்டு சொன்னார்: "மூளையின்ர இடது பக்கம் வலது கையை ஆளுது. அப்ப நரம்பு நார் எங்கயோ ஒரு இடத்தில அந்தப் பக்கம் கடக்க வேணுமே. எப்பிடிக் கடக்குதெண்டு வாசிச்சுப் பார்." மோட்டார் சைக்கிளை உதைத்தார். போய்விட்டார்.

எப்படிக் கடக்கிறது? இத்தனை நாள் படத்தில் கோடு கீறி வந்திருக்கிறேன். ஒரு நாளும் கேட்டதில்லை.

ஜூலை 16, புதன்

பொது நூலகம். ஆங்கிலப் புத்தகம், அகராதி, போன் மூன்றும் விரித்து வைத்து வாசிப்பு. மின்விசிறிக்குக் கீழே இடம் கிடைக்கவில்லை.

விளங்கியவை:

– கருவில் மூளை உருவாகும்போது நரம்புக் கலம் (cell) ஓரிடத்தில் இருக்கும். அதன் நார் தூரத்தில் வேறொரு இடத்துக்கு வளர்ந்து போக வேண்டும். மூளையின் மேற்பகுதியிலிருந்து முள்ளந்தண்டுக்குள் வரைக்கும்கூட.

– நாரின் நுனியில் சின்னக் கூம்பு. அதிலிருந்து விரல் விரலாக நீளும், சுருங்கும். தடவித் தடவிப் போகிறது. முழு வழியும் அதற்குத் தெரியாது. அடுத்த எட்டு மட்டும்.

– வழியில் உள்ள கலங்கள் இரசாயனங்களை வெளிவிடும். சில நாரை இழுக்கும். சில தள்ளும்.

– முதலில் சில நார்கள் போகும். பின்னால் வருபவை அவற்றைப் பிடித்துக்கொண்டு போகும். (அப்பா துறைமுகத்தில் கப்பல் கயிறு பிடிக்கிறார். முதலில் மெல்லிய கயிறு எறிவார்கள், அதன் வாலில் தடித்த கயிறு வரும். அதே போலவா? இல்லை. அங்கே எறிய ஓர் ஆள் இருக்கிறான். இங்கே எறிவது யார்?)

– உடம்பின் நடுக்கோட்டில் உள்ள கலங்கள் "வா" என்பது போல இழுக்கும். நார் அங்கே வந்து மறுபக்கம் கடக்கும்.

விளங்காதது ஒன்றே ஒன்று. ஆனால் பெரியது. நடுக்கோடு இழுக்கிறது, நார் வருகிறது, சரி. வந்த பிறகு ஏன் அங்கேயே நின்றுவிடுவதில்லை? ஏன் தாண்டிப் போகிறது? ஏன் திரும்பி வருவதில்லை? கூப்பிட்ட இடமே துரத்துமா?

பி.ப. 4 – கிடைத்துவிட்டது. நடுக்கோடு மாறவில்லை. அது எப்போதும் இழுக்கவும் செய்கிறது, தள்ளவும் செய்கிறது. மாறுவது நார். தள்ளலை உணர்கிற புரதம் முதலில் நாரின் மேற்பரப்பில் இல்லை. கடக்கும்போதுதான் அங்கே வந்து சேர்கிறது. அதுவரை கேட்காதது அப்போதுதான் கேட்கிறது.

இன்னும் கீழே: சிலருக்கு ஒரு பரம்பரையலகில் (gene) மாற்றம். இழுப்பு ஒழுங்காக உணரப்படுவதில்லை. சில நார்கள் கடக்காமல் அதே பக்கமாகவே இறங்கிவிடும். மூளையின் ஒரு பக்கம் கொடுத்த கட்டளை இரண்டு கைக்கும் போகும். கண்ணாடி அசைவு.

கவினி!

ஓடி வந்து சொல்ல நினைத்தேன். வீட்டில் கவினி கதிரையில், கை கட்டியபடி, மூக்கு ஒழுக அழுதுகொண்டிருந்தாள். நான் சிரித்த முகத்தோடு வாசலில். வெட்கமாகப் போய்விட்டது.

ஜூலை 18, வெள்ளி

மரக்கறி நாள். அம்மா குசினியில் பயிற்றங்காய் வெட்ட, நான் பக்கத்தில் இருந்து சொன்னேன். நார், கூம்பு, நடுக்கோடு எல்லாம். தேங்காய்த் துண்டுகளை வைத்துக்கூடக் காட்டினேன். அம்மா தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

"அப்ப இது எப்ப நடந்தது?"

"வயித்தில இருக்கேக்கயே அம்மா."

கத்தி நின்றது.

"என்ன மாதத்தில?"

"வடிவாத் தெரியாது. மூளை வளரேக்க..."

அம்மா கத்தியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னது, முடிந்தவரை அப்படியே:

"அண்டைக்குக் கிரகணம். வயித்தில இவள். அறையை விட்டு வராதை, ஒண்டையும் வெட்டாதை எண்டு பக்கத்து வீட்டு அக்கா சொல்லிப்போட்டுப் போனவ. உங்கட அப்பா சூடை மீன் கொண்டு வந்து வச்சிட்டுத் திரும்ப வேலைக்குப் போயிட்டார். அப்ப எங்களிட்ட ஃபிரிஜ் இல்லை. நாறிப் போகுமெண்டு இருந்து வெட்டினனான். ஒருத்தருக்கும் சொல்லேல்லை. பிறந்த உடன விரல், காது, உதடு எல்லாம் தடவிப் பாத்தன். ஒரு குறையும் இல்லை. தப்பினன் எண்டு நினைச்சன். பிறகு மூண்டு வயசில இந்தக் கை ஆடத் தொடங்கிச்சு."

பத்து வருடம். ஒரு சட்டி சூடை மீனுக்காக.

"கிரகணத்தால இல்லை அம்மா. பரம்பரையலகில ஒரு மாற்றம்."

"அது எங்க இருந்து வரும்?"

"அம்மாவிட்ட இருந்து வரும். இல்லாட்டி அப்பாவிட்ட இருந்து. சில வேளை புதுசாவும்."

"பாத்தியே. சுத்திச் சுத்தி என்னட்டத்தான் வருது."

நல்லது சொல்கிறேன் என்று போய் இன்னும் ஒன்றை ஏற்றிவிட்டு வந்தேனா? விளக்கம் என்றால் ஆறுதல் என்று நினைத்திருந்தேன்.

கறியில் உப்பு இரண்டு தரம் விழுந்துவிட்டது.

ஜூலை 20, ஞாயிறு

அப்பாவுக்கு ஓய்வு. காற்று கொஞ்சம் அடங்கிவிட்டது.

புத்தகத்தில் ஒரு சோதனை: வலது கைப் பெருவிரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தொட வேண்டும், வேகமாக. இடது கையை மேசையில் வைத்துப் பார்க்க வேண்டும்.

நான் – இடது கை அசையவில்லை.
கவினி – முழுதாக அசைந்தது. (சிரிப்பு வேறு.)
அம்மா – செய்யமாட்டேன் என்றார். கவினி கெஞ்சியதால் செய்தார். கண்ணை மூடிக்கொண்டு. அசையவில்லை. நான் சொன்ன பிறகும் கண்ணைத் திறக்கப் பயந்தார்.

அப்பா தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு, "இதென்ன விளையாட்டு" என்று செய்தார்.

இடது கையில் சுட்டுவிரல் எழும்பியது. பிறகு நடுவிரல். பிறகு மோதிர விரல். பிறகு சுண்டுவிரல். கவினியினதைவிடச் சின்ன அசைவு, ஆனால் ஒழுங்காக, ஒன்றன் பின் ஒன்றாக.

கவினி: "அப்பா! உங்களுக்கும்!"

அப்பா: "என்ன எனக்கும்?"

"கை! இடது கை!"

"அது எல்லாருக்கும் அப்பிடித்தானே?"

அப்பா எங்கள் மூன்று பேரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இல்லையே?"

நாற்பத்தாறு வயது. எல்லோருடைய கையும் இப்படித்தான், மற்றவர்கள் கவனமாக அடக்கி வைத்திருக்கிறார்கள், தனக்கு மட்டும் அடக்கத் தெரியவில்லை என்று நினைத்திருக்கிறார். பள்ளிக்கூடத்தில் எழுதும்போது இடது கைக்கு அடி விழுமாம். எட்டாம் வகுப்போடு நின்றது அதனால்தானாம். நீந்தினால் இரண்டு கையும் ஒன்றாகப் போகும். துறைமுகத்தில் மற்றவர்கள் கயிற்றை மாறி மாறி இழுக்க, இவர் இரண்டு கையையும் சேர்த்து இழுப்பாராம். அங்கே இவருக்குப் பட்டப்பெயர் தவளை.

அம்மா: "கலியாணம் கட்டி இவ்வளவு காலம். நான் ஏன் காணேல்லை?"

"நான் எழுதிக் கண்டனீரே நீர்? சாப்பிடேக்க சாப்பாட்டுத் தட்டின்ர விளிம்பைப் பிடிச்சுக்கொள்ளுவன்."

அம்மா குசினிக்குப் போய்விட்டார். போய்ப் பார்க்கலாமா வேண்டாமா என்று நான் எழும்பி இருந்து எழும்பி இருந்து... பிறகு அவரே வெளியே வந்தார். முகம் கழுவியிருந்தது. அப்பாவுக்கு முன்னால் நின்று கிரகணத்துக் கதை முழுவதையும் சொன்னார். கடைசியில்: "அந்தச் சூடை மீனைக் கொண்டு வந்து வச்சதும் நீங்கள்தான்!"

அப்பா: "ஓம். அதுவும் என்ர பிழைதான்."

அம்மா சிரித்தார். சிரிப்பு பிறகு அழுகையாக மாறிவிட்டது. எது எங்கே முடிந்தது என்று எனக்குப் பிடிபடவில்லை.

கைலேஞ்சியை அம்மா தோய்த்துப் போட்டுவிட்டார். இனிக் கட்டுவதில்லை.

ஜூலை 21, திங்கள்

அப்பா அரைநாள் லீவு, பள்ளிக்கூடத்தில் அதிபரைக் காண. முதலில் வரமாட்டேன் என்றார். "அதிபருக்கு முன்னால நான் ஏன் கையைக் காட்ட? திரும்பவும் அடி வாங்கவே?" கவினி சப்பாத்துப் போட்டபடி நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார்.

அதிபரின் அறை. ஐந்தாம் வகுப்பு ரீச்சரும். நான் நூலகத்தில் எழுதியதை எல்லாம் கொண்டு போயிருந்தேன். வாய் திறந்தால் ஒன்றும் ஒழுங்காக வரவில்லை. "நார் கடக்கவில்லை, இழுப்பு, தள்ளல்..." ரீச்சர் பொறுமையாகத்தான் கேட்டார். "தங்கச்சி, நீங்கள் சொல்லுறது சரியா இருக்கலாம். ஆனா பிள்ளையள் என்னத்தையும் பழகிக்கொள்ளுவினம்."

அப்பா மேசையில் இருந்த பேனையை எடுத்தார். "ஒரு தாள் தாங்கோ. என்ன எழுத வேணுமெண்டு நீங்களே சொல்லுங்கோ."

ரீச்சர் யோசித்துவிட்டு: "திருகோணமலை."

அப்பா எழுதினார். மேசைக் கண்ணாடியில் கச்சான் தூசி. இடது கைச் சுட்டுவிரல் அந்தத் தூசியில் போனது, வலது கைக்கு எதிர்ப்பக்கமாக. ரீச்சர் எழும்பிக் குனிந்து பார்த்தார். தாளையும் தூசியையும் மாறி மாறி. "கொம்பெல்லாம் மற்றப் பக்கம் திரும்பி நிக்குது" என்றார் மெதுவாக. பிறகு கவினியைப் பார்த்து, "சிவப்புக் கோடு போட்டிட்டன் என்னம்மா" என்றார்.

ரீச்சர் கெட்டவர் இல்லை. அன்று வாசலில் நின்றபோது கெட்டவர் என்று நினைத்தேன்.

அதிபர் சொன்னது: "எங்களுக்கு விளங்குது. ஆனா பரீட்சைக்கு வாறவை எங்களைத் தெரியாத ஆக்கள். சனிக்கிழமை கடைசி மாதிரிப் பரீட்சை, மேற்பார்வைக்கு வேற பள்ளிக்கூடத்து ஆசிரியர்மார் வருவினம். நாங்கள் அவைக்கு ஒண்டும் சொல்ல மாட்டம். பிரச்சினை இல்லாமல் எழுதினா எல்லாரோடயும் எழுதட்டும். பிரச்சினை வந்தா தனி அறை கேப்பம். அது கிடைக்காட்டி, இந்த முறை எழுதாமல் விடுறதுதான் பிள்ளைக்கு நல்லது."

கவினி வெளியே வந்து: "தனி அறையோ? நான் என்ன விசரியே, பைத்தியக்காரியே?"

ஜூலை 23, புதன்

வெயில். பாடம் படிக்க வேண்டிய நேரத்தில் இதை வாசித்தேன். பழைய பரிசோதனை ஒன்று: தவளையின் கண்ணைத் தலைகீழாகத் திருப்பி, நரம்பையும் வெட்டிவிட்டார்கள். நார்கள் திரும்ப வளர்ந்து ஒவ்வொன்றும் முன்பு போன அதே இடத்துக்கே போய்ச் சேர்ந்தன. தவளைக்கு மேலே பூச்சி இருந்தால் அது கீழே பாயும். பழக்கினாலும் திருந்தவில்லை. சாகும் வரை அப்படியே.

அப்படியென்றால் நார் போய்ச் சேர்ந்த இடம்தான் முடிவா? கவினிக்கு ஒரு நாளும் மாறாதா? ஆனால் அப்பாவினது கவினியினதைவிடச் சின்ன அசைவு. வயதோடு குறைந்ததா, பிறவியிலேயே குறைவா? அவருக்கே தெரியாது. சேரிடம் கேட்டேன்: நாருக்குத் தன் இடம் எப்படித் தெரிகிறது?

"'தெரியும்' எண்டு எழுதினா புள்ளி இல்லை பிள்ளை. நாருக்கு ஒண்டும் தெரியாது."

ஒன்றுமே தெரியாமல், ஒருவரும் சொல்லாமல், கோடிக்கணக்கான நார்கள் சரியான இடத்துக்குப் போகின்றன. சில போகவில்லை என்பதா ஆச்சரியம், மற்றவை போனதா? இதை யோசித்தால் தலை சுற்றுகிறது.

சனிக்கிழமை மேற்பார்வையாளரிடம் சொல்ல, கவினிக்கு ஒரு வசனம் எழுதினேன்: "எனது நரம்பு நார்களில் சில நடுக்கோட்டைக் கடக்காமையால் எனது இடது கை தானாக அசையும்." பாடமாக்கச் சொன்னேன்.

கவினி: "இதைச் சொன்னா மேற்பார்வைக்கு வாற சேர் ஓடிப் போயிடுவார்."

அம்மா முதல் தரமாக அவள் பக்கம்: "விடு. அவளின்ர கை. அவள் சொல்லட்டும்."

ஜூலை 26, சனி

காலையில் மேகம். மழை இல்லை.

அப்பா வேலைக்குப் போகும் வழியில் கவினியை இறக்கிவிட்டார். அம்மாவும் நானும் பள்ளிக்கூட மதிலுக்கு வெளியே. அம்மா தண்ணீர்ப் போத்தலை இறுக்கிப் பிடித்தபடி. ஒரு மிடறு குடிக்கவில்லை. எனக்கு மறுபடி மறுபடி ஒரே நினைப்பு: தாளைப் பறித்தால் எப்படித் தெரியும்? நடுவில் வெளியே வருவாள். வரக்கூடாது, வரக்கூடாது.

வரவில்லை. மணி அடித்து எல்லோரும் வந்த பிறகுதான் வந்தாள். கடைசியாக. அம்மா அவளுடைய முகத்தைப் பிடித்து, "என்ன, என்ன நடந்தது?"

"முடிச்சிட்டன்."

"எல்லாம்?"

"எல்லாம். திருப்பியும் பாத்தன்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் துண்டு துண்டாக விசாரித்து எடுத்தது: மண்டபத்துக்குள் உயரமான, கண்ணாடி போட்ட ஒரு சேர். தாள் கொடுக்க முன்னமே இவள் எழும்பிப் போயிருக்கிறாள்.

"நான் சொன்னன், சேர், நான் எழுதினா என்ர இடது கையும் எழுதும். அது ஒருத்தருக்கும் விடை சொல்லாது. அது எழுதுறது எல்லாம் மறுபக்கமா இருக்கும், பாத்து எழுதினா அவைக்குத்தான் பிழையா வரும் எண்டு."

"சேர் என்ன சொன்னவர்?"

"எழுதிக் காட்டச் சொன்னவர். காட்டினன். பிறகு 'போய் இரு' எண்டார். ஆனா முழுக்க எனக்குப் பக்கத்திலயே நிண்டவர். என்ர இடது கையையே பாத்துக்கொண்டு. அந்த நேரம் பின்னால மூண்டு பெடியள் வடிவாப் பாத்து எழுதினவங்கள்."

அம்மா நடுத்தெருவில் நின்று சிரித்தார். ஓட்டோக்காரர் ஹோர்ன் அடித்தார்.

மத்தியானம் ரீச்சர் அம்மாவை போனில் கூப்பிட்டார். முறைப்பாடு இல்லை. கவினி மற்றவர்களோடேயே எழுதலாம். அந்தச் சேர் போகும்போது ஒன்று மட்டும் கேட்டாராம்: "இதுக்கு என்ன காரணம்?" ரீச்சருக்குச் சொல்லத் தெரியவில்லையாம். "உங்கட மூத்த பிள்ளையை ஒருக்கா எழுதித் தரச் சொல்லுங்கோ" என்றாராம் ரீச்சர், அம்மாவிடம்.

இருந்து எழுதத் தொடங்கினேன். தாளில் இரண்டு வரி. கவினி வந்து மேசையில் நாடியை ஊன்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தாளை இல்லை. என் இடது கையை.

"அக்கா, நீ எழுதேக்க இந்தக் கை என்ன செய்யும்?"

"ஒண்டும் செய்யாது."

"சும்மா கிடக்குமே?"

"ஓம்."

"அதுக்கு ஒண்டும் சொல்லாமலே நீ எழுதுவியே? பாவம்."

தாளின் ஓரத்தில் கிடந்த அந்தக் கையைப் பார்த்தேன். ஒன்றும் தெரியாமல் கிடந்தது. பேனையை எடுத்து அடுத்த வரியை எழுதினேன். அது அசையவில்லை. இன்னும் மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக எழுதிப் பார்த்தேன்.